பாட்டையும் வாத்தியத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டிய கதை

கேமுக்குச் சொந்தமாக மேப் செய்கிறவர்களுக்குக் கடைசியாக வந்து நிற்கும் தலைவலி இசை. சுவர் எழுப்பி, வெளிச்சம் போட்டு, எதிரிகளை அங்கங்கே நிறுத்தி முடித்த பிறகும் தொண்ணூறுகளின் மேப் ஃபைல் ஓரிரண்டு எம்பியைத் தாண்டாது. சரி, மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைச் சேர்க்கலாம் என்று பார்த்தால், சிடி தரத்தில் ஒரு நொடிக்கே 1,76,400 பைட் வேண்டும். மூன்று நிமிடத்துக்கு 30 எம்பிக்கு மேல். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டயல்-அப் மோடத்தில் நொடிக்கு 5 கேபி வந்தாலே பெரிய விஷயம். மேப்பை இறக்க ஐந்து நிமிடம், அதன் பாட்டை இறக்க ஒன்றே முக்கால் மணி நேரம் என்றால் எவரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

பெரிய கேம்கள் இந்தச் சிக்கலை ஆளுக்கொரு விதமாகக் கடந்தன. 1993இல் வந்த டூம், மிடி வகைக் குறிப்பைப் பயன்படுத்தியது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்பது மட்டும் ஃபைலில் இருக்கும். சில பத்து கேபிக்குள் முழுப் பாட்டும் அடங்கிவிடும். மேப் செய்கிறவர் தன் மேப்பைப் பொதிந்து அனுப்பும் வாட் ஃபைலுக்குள் சொந்தப் பாட்டையும் வைத்து அனுப்பலாம், அளவு கூடியதே தெரியாது. ஆனால் ஒலி எழுப்ப வேண்டியது கேட்பவரின் சவுண்ட் கார்டு. நல்ல ரோலண்ட் கருவி வைத்திருப்பவருக்கு அது வாத்தியக்குழு வாசிப்பதுபோல் கேட்கும். சாதாரண சவுண்ட் பிளாஸ்டர் கார்டில் அதே பாட்டு கீச்சுக் குரலில் கேட்கும். இசையமைத்தவர் மனதில் வைத்திருந்த ஒலி எத்தனை பேர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவருக்கே தெரியாது.

1996இல் வந்த குவேக் நேர் எதிர்த்திசையில் போனது. நைன் இன்ச் நெய்ல்ஸ் இசைக்குழுவின் டிரென்ட் ரெஸ்னர் செய்த இசை, கேம் சிடியிலேயே ஆடியோ டிராக்காகப் பதிந்திருந்தது. ஒலித்தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சொந்தமாக மேப் செய்கிறவருக்குக் கிடைத்தது ஒரு எண் மட்டுமே. மேப்பின் அமைப்பில் 'சவுண்ட்ஸ்' என்ற இடத்தில் சிடியின் எத்தனையாவது டிராக் ஓடவேண்டும் என்று குறிப்பிடலாம், அவ்வளவுதான். புதிதாக ஒரு பாட்டைச் சேர்க்க வழியில்லை. சிடி டிரைவில் வட்டு இல்லையென்றால் மேப் முழுக்க மௌனம்.

குறிப்பை மட்டும் அனுப்பினால் ஒலி கையில் இல்லை. ஒலியை மட்டும் பதிந்து அனுப்பினால் அளவு கையில் இல்லை. 1998 மே மாதம் வெளிவந்த அன்ரியல் இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தது. மேப் செய்கிறவர்கள் கையில் அது கிடைத்தபோது புதிது போலத்தான் இருந்தது. உண்மையில் அது அதற்குப் பதினோரு ஆண்டு முன்பு, ஜெர்மனியில், வேறொரு கணினியில், இதே இடப்பற்றாக்குறையால் பிறந்தது.

அந்தக் கணினி காமடோர் நிறுவனத்தின் அமிகா. 1985இல் முதல் மாடல் வந்தது. வீடுகளுக்குள் பரவலாக நுழைந்த அமிகா 500 வந்தது 1987இல். அதற்குள் பாலா என்றொரு சில்லு இருந்தது. க்ளென் கெல்லர் வடிவமைத்தது. அதற்கு முந்தைய வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் மின்னலைகளைத் தாமாக உருவாக்கி ஒலித்தன. காமடோர் 64இன் சிட் சில்லில் மூன்று குரல், மூன்றும் செயற்கையாகப் பிறந்தவை. பாலா அப்படி இல்லை. நினைவகத்தில் கிடக்கும் பதிவு ஒலியை, அதாவது சாம்பிளை, அது நேரடியாக எடுத்து ஒலிக்கும். நான்கு சேனல், ஒவ்வொன்றும் 8 பிட். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சேனலும் தன் சாம்பிளைத் தன் வேகத்தில் ஓட்டலாம். வேகத்தைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். பியானோவின் ஒரே ஒரு கட்டையைப் பதிந்து வைத்துக்கொண்டால் போதும், மற்றக் கட்டைகளை எல்லாம் அந்த ஒரே பதிவிலிருந்து சில்லு எழுப்பிவிடும். மையச் செயலிக்கு அதில் வேலையே இல்லை. கேமைப் பொறுத்தவரை இது பெரிய வரம், ஏனென்றால் செயலி எதிரிகளை நகர்த்துவதிலும் திரையை வரைவதிலும் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் அந்தச் சில்லுக்கு இசை எழுத இசைக்கலைஞன் நிரலாளனாகவும் இருக்க வேண்டியிருந்தது. காமடோர் 64 காலத்தின் பெரிய பெயர்களில் ஒருவரான ராப் ஹப்பர்டு தன் இசையை வாசிக்கும் நிரலை அசெம்பிளி மொழியில் தானே எழுதிக்கொண்டவர். 1986இல் கிறிஸ் ஹூல்ஸ்பெக் தன் சவுண்ட்மானிட்டர் நிரலை ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வெளியிட்டார். வாசகர்கள் பக்கம் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்து பயன்படுத்த வேண்டிய நிரல் அது. இசை திரையில் மேலிருந்து கீழாக நகரும் பத்திகளாகத் தெரியும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1987இல் ஜெர்மானியரான கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகாவுக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். அமெகாஸ் என்ற செங்கல் உடைக்கும் கேமுக்கு இசை அமைத்தவர் அவர். கேமுக்கு இசை செய்ய வசதியான கருவி ஒன்று வேண்டும் என்ற தேவைதான் அதன் பின்னால் இருந்தது. மென்பொருள் விற்பனைக்கு வந்தது, பெரிதாக விற்கவில்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த மாட் என்ற ஃபைல் வடிவம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்து அமிகா நெகிழ்வட்டில் 880 கேபி பிடிக்கும். சிடி தரத்தில் பதிந்தால் முழு வட்டிலும் ஐந்து நொடி இசைதான் அடங்கும். கேமின் படங்களும் நிரலும் லெவல்களும் அதே வட்டில்தான் இருக்க வேண்டும். ஆகவே இசைக்குக் கிடைப்பது மிச்சம்மீதி. மாட் ஃபைல் இந்த மிச்சத்துக்குள் எப்படிப் புகுந்தது என்பதை உள்ளே திறந்து பார்த்தால்தான் அதன் அழகு புரியும்.

முதல் 20 பைட் பாட்டின் பெயர். அடுத்து 31 சாம்பிள்களுக்கான விவரம், ஒவ்வொன்றுக்கும் 30 பைட். சாம்பிளின் பெயர், நீளம், ஒலியளவு, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை திரும்பத் திரும்ப ஓடவேண்டும் என்ற கணக்கு, எல்லாம் அதற்குள். ஒபார்ஸ்கியின் முதல் பதிப்பில் 15 சாம்பிள்தான். பின்னால் வந்தவர்கள் 31 ஆக்கினார்கள். அதற்கடுத்து 128 பைட் கொண்ட ஒரு வரிசைப் பட்டியல். பிறகு பேட்டர்ன்கள். கடைசியில் சாம்பிள்களின் ஒலி.

பேட்டர்ன் என்பது 64 வரி, 4 சேனல். ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 பைட். ஆக ஒரு பேட்டர்னுக்குச் சரியாக 1,024 பைட். தொலைக்காட்சித் திரை நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படும் ஐரோப்பிய முறையைக் கடிகாரமாக வைத்து, ஆறு துடிப்புக்கு ஒரு வரி என்று ஓடும்போது, ஒரு பேட்டர்ன் 7.68 நொடி நீடிக்கும். ஏறக்குறைய எட்டு நொடி இசைக்கு ஒரு கேபி.

ஒரு கட்டத்தில் என்ன எழுதியிருக்கும்? 'சி-2' என்று சுரமும் அதன் ஸ்தாயியும். பக்கத்தில் எந்த சாம்பிள் என்ற எண். அதற்குப் பக்கத்தில் மூன்று எழுத்தில் ஒரு கட்டளை. 'சி20' என்றால் ஒலியளவைப் பாதியாக வை. எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும், முழு அளவு 64, ஆகவே 20 என்பது 32. '4' என்று தொடங்கினால் சுரத்தை அசைத்து கமகம் போடு. '3' என்றால் பழைய சுரத்திலிருந்து புதிய சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போ. 'டி' என்றால் இந்தப் பேட்டர்னை இத்தோடு விட்டு அடுத்ததற்குத் தாவு.

எனக்கு மிகவும் பிடித்தது '037'. நான்கே சேனல் இருக்கும்போது மூன்று சுரம் சேர்ந்த மைனர் கார்டு வாசித்தால் மூன்று சேனல் போய்விடும். தாளத்துக்கும் பேஸுக்கும் மெலடிக்கும் ஒரே சேனல்தான் மிஞ்சும். '037' கட்டளை அந்த மூன்று சுரத்தையும் ஒரே சேனலில், நொடிக்கு 50 தடவை என்ற வேகத்தில், ஒன்று மாற்றி ஒன்றாகச் சுழற்றும். காது அதை ஒரு நடுங்கும் கார்டாக எடுத்துக்கொள்கிறது. '047' என்று மாற்றினால் மேஜர். பற்றாக்குறையைச் சமாளிக்க வந்த இந்த வித்தையின் மினுமினுப்பு பிறகு ஒரு தனி இசை ரசனையாகவே வளர்ந்தது. இடம் தாராளமாக இருக்கிற இன்றும் அந்த ஒலிக்காகவே அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. சிலர் இன்னொரு வழியில் போனார்கள். கார்டு முழுவதையும் ஒரே சாம்பிளாகப் பதிந்து வைத்துக்கொண்டு, அதையே ஏற்றி இறக்கி வாசித்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிக், ஸ்னேர், ஹைஹேட், பேஸ், ஒரு தந்தி வாத்தியம், இரண்டு மூன்று சிந்த் ஒலி. நொடிக்கு எட்டாயிரம் பைட் சுமாரில் பதிந்தால் கால் நொடி கிக்குக்கு 2 கேபி. தந்தி ஒலிக்குத் தொடக்கத்து மீட்டலை மட்டும் முழுதாக வைத்துவிட்டு, நீளும் பகுதியில் சிறு துண்டைச் சுழலவிட்டால் போதும். எல்லாம் சேர்த்து 60 கேபி என்று வைப்போம். பதினைந்து பேட்டர்னுக்கு 15 கேபி. பல்லவி திரும்ப வரும்போது பேட்டர்னை மறுபடி எழுத வேண்டியதில்லை. வரிசைப் பட்டியலில் அதன் எண்ணை இன்னொரு முறை போட்டால் ஒரே பைட்டில் வேலை முடிந்தது. அப்படி 24 இடம் நிரப்பினால் மூன்று நிமிடப் பாட்டு. தலைப்பகுதிக்கு ஒரு கேபியும் கொஞ்சமும். மொத்தம் 76 கேபி சுமார். சிடி தரப் பதிவின் அளவில் 400இல் ஒரு பங்குதான்.

எம்பி3 போன்ற சுருக்க முறைகள் முடிந்துபோன ஒலியை எடுத்துக்கொண்டு, காதுக்குத் தெரியாத பகுதிகளை உதறுகின்றன. மாட் எதையும் உதறுவதில்லை. பாட்டு அதற்குள் இன்னும் செய்து முடிக்கப்படவே இல்லை. செய்முறையும் பொருளும் மட்டும் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் கேட்பவரின் கணினியில் புதிதாக வாசிக்கப்படுகிறது. மிடி போலக் குறிப்பு இருக்கிறது, ஆனால் வாத்தியமும் கூடவே வருகிறது. அதனால் ஹாம்பர்க்கில் கேட்கும் அதே ஒலி ஹெல்சின்கியிலும் கேட்கும்.

குறிப்பை மட்டும் தனியே சேமித்து, சாம்பிளை வேறு வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கமும் தொடக்கத்தில் இருந்தது. சவுண்ட்டிராக்கரோடு வந்த சாம்பிள் வட்டின் பெயர் எஸ்டி-01. பழைய மாட் ஃபைல்களைத் திறந்தால், சாம்பிள் பெயர்களுக்கு முன்னால் அந்த வட்டின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். குறிப்பையும் ஒலியையும் சேர்த்து ஒரே ஃபைலாகக் கட்டிய பிறகுதான் அது கைமாறிக் கைமாறி ஊர் சுற்றத் தொடங்கியது.

சுற்றியது யார் கையால் என்றால், டெமோசீன் பிள்ளைகள் கையால். கேம்களின் காப்புப் பூட்டை உடைத்து, அதன் முகப்பில் தங்கள் பெயரை இசையோடு ஓடவிட்ட இளைஞர்கள் அவர்கள். ஒபார்ஸ்கியின் நிரலையே பிரித்துப் பார்த்து, குறை நீக்கி, வசதி கூட்டிப் பரப்பினார்கள். நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே என்று பதிப்புக்கு மேல் பதிப்பு வந்தது. 1989இல் ஸ்வீடனின் மஹோனியும் காக்டஸும் நாய்ஸ்டிராக்கரைக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த புரோடிராக்கர் அமிகாவின் பொது மொழியாகவே ஆனது. பணம் கொடுத்து வாங்கியவர்களைவிட பிரித்துப் பார்த்தவர்களால் வாழ்ந்த மென்பொருள் இது. செய்தவருக்கு அதில் நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. மாட் ஃபைலைத் திறந்தால் பாட்டு முழுவதும் கண்முன்னே நிற்கும். எந்த இடத்தில் எந்தக் கட்டளையால் அந்த வழுக்கல் வந்தது, எக்கோ இல்லாத சில்லில் எக்கோவை எப்படிக் காட்டினார் (அதே சுரத்தைப் பக்கத்துச் சேனலில் சில வரி தள்ளி, ஒலியைக் குறைத்து எழுதினார்) என்பதெல்லாம் வெளிப்படை. குருவின் வீட்டுக்குப் போகாமலே பாடம் கிடைத்தது. 22 எழுத்துக் கொண்ட சாம்பிள் பெயர்களை வாத்தியப் பெயருக்குப் பயன்படுத்தாமல், வரிசையாக 31 வரிக் கடிதமாக எழுதினார்கள். நண்பர்களுக்கு வணக்கம், எந்த ராத்திரியில் முடித்தேன், தொடர்புகொள்ள முகவரி. இசைக்குள்ளேயே ஒரு அஞ்சல் போக்குவரத்து.

தொண்ணூறுகளின் நடுவில், டிராக்கர் மென்பொருளில் இப்படிப் பாட்டுக் கட்டும் பழக்கம் பிசிக்கு இடம்பெயர்ந்தது. ஃபின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ குழுவிலிருந்து ஸ்க்ரீம் டிராக்கர் 3, ஸ்வீடனின் டிரைட்டன் குழுவிலிருந்து ஃபாஸ்ட்டிராக்கர் 2. 1995இல் ஆஸ்திரேலியரான ஜெஃப்ரி லிம்மின் இம்பல்ஸ் டிராக்கர். நான்கு சேனல் 32 ஆகி, 64 ஆனது. சாம்பிள் 16 பிட் ஆனது. ஒரே சேனலில் புதிய சுரம் வந்தாலும் பழைய சுரம் அறுபடாமல் தானாக ஓய்ந்து அடங்க, இம்பல்ஸ் டிராக்கரில் வழி கிடைத்தது. பியானோ வாசிப்புக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது வாசித்தவர்களுக்குத் தெரியும்.

அன்ரியலைச் செய்த எபிக் மெகாகேம்ஸ் நிறுவனம் இந்த வட்டத்திலிருந்தே ஆட்களை எடுத்தது. 1994இல் வந்த ஜாஸ் ஜாக்ராபிட்டின் இசையே டிராக்கர் வகைதான். அன்ரியலுக்கு அலெக்சாண்டர் பிராண்டன், மிஷில் வான் டென் போஸ் ஆகியோர் இசையமைத்தார்கள். கேமின் ஒலி எஞ்சின், டிராக்கர் ஃபைல்களை நேரடியாக வாசிக்கும். அவற்றைச் சுற்றி அன்ரியலின் சொந்த உறை ஒன்றைப் போட்டு யூஎம்எக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1999இல் வந்த அன்ரியல் டோர்னமெண்டில், வெட்டவெளி விண்ணில் இரண்டு கோபுரங்கள் எதிரெதிரே நிற்கும் ஃபேசிங் வேர்ல்ட்ஸ் மேப்பை ஆடியவர்களுக்கு வான் டென் போஸின் 'ஃபோர்கான் டிஸ்ட்ரக்‌ஷன்' இன்னும் காதில் இருக்கும். அது ஒரு டிராக்கர் ஃபைல்.

சொந்தமாக மேப் செய்கிறவர்களுக்கு இதனால் கிடைத்த சுதந்திரம் பெரியது. அன்ரியலோடு அதன் எடிட்டரும் வந்தது. டிராக்கரில் செய்த பாட்டை எடிட்டருக்குள் கொண்டுவந்து, லெவலின் பண்புகளில் 'சாங்' என்ற இடத்தில் அதன் பெயரைப் போட்டால் முடிந்தது. பாட்டை 'மைலெவல்' என்ற பொதிக்குள் வைத்தால் அது மேப் ஃபைலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்; தனி ஃபைல் அனுப்பத் தேவையில்லை. டோர்னமெண்ட் சர்வரில் யாராவது நுழையும்போது, அவரிடம் இல்லாத மேப்பையும் டெக்ஸ்சரையும் இசையையும் சர்வரே அனுப்பிவைக்கும். அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் அது வந்து சேர வேண்டும். இசை சில நூறு கேபிக்குள் இருப்பது அங்கே விளையாட முடியுமா முடியாதா என்ற கேள்வி.

சிறிதாக இருப்பதோடு இன்னொரு லாபமும் அதில் ஒளிந்திருந்தது. பதிவு செய்த பாட்டை நடுவில் வெட்டினால் வெட்டியது தெரியும். டிராக்கர் பாட்டில் வரிசைப் பட்டியலில் வேறொரு இடத்துக்குத் தாவினால் போதும். 2000இல் அதே எஞ்சினில் வந்த டியஸ் எக்ஸ் இதை முழுதாகப் பயன்படுத்தியது. ஒரே ஃபைலுக்குள் சாதாரண நடமாட்டத்துக்கு ஒரு பகுதி, சண்டைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. காவலன் உங்களைப் பார்த்துவிட்டால் கேம் பாட்டைச் சண்டைப் பகுதிக்குத் தாவச் சொல்லும். நான்கு மனநிலைக்கும் சாம்பிள்கள் பொது என்பதால் கூடுதல் இடம் சில பேட்டர்ன் அளவே.

2002இல் வந்த அன்ரியல் டோர்னமெண்ட் 2003இல் டிராக்கர் போய், ஆக் வோர்பிஸ் பதிவுகள் வந்துவிட்டன. இணைய வேகமும் செயலியும் வளர்ந்துவிட்டன, நிறுவனங்களுக்கு இசையைப் பதிந்து வாங்குவதே வசதி. அதே 2002இல் வெளிவந்த வார்கிராஃப்ட் 3இல் மேப் செய்தவர்கள் பழைய தலைவலியோடு இன்னும் பல ஆண்டு மல்லுக்கட்டினார்கள். பேட்டில்நெட் இணையச் சேவையில் ஆடக்கூடிய மேப்புக்கு முதலில் 4 எம்பி, பிறகு 8 எம்பி என்று வரம்பு. அந்த கேமுக்கு டிராக்கர் தெரியாது, எம்பி3 போன்ற பதிவு ஒலிதான் தெரியும். 64 கேபிபிஎஸ் அளவுக்குக் கீழிறக்கி மோனோவாக்கினால்கூட மூன்று நிமிடத்துக்கு ஒன்றரை எம்பி ஆகிவிடும். ஆகவே பாட்டை முப்பது நொடி வளையமாக வெட்டினார்கள். அல்லது கேமுக்குள்ளேயே இருக்கும் பாட்டைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு பைட்டும் கூடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பலருடைய மேப்கள் பத்து ஆண்டு கழித்தும் ஆடப்பட்டன, ஆனால் சொந்த இசையோடு ஆடப்பட்டவை குறைவு. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

டூமுக்கோ கதை வேறு மாதிரி திரும்பியது. அதன் மூல நிரல் 1997இல் வெளியிடப்பட்ட பிறகு ரசிகர்கள் உருவாக்கிய இசட்டூம் போன்ற எஞ்சின்கள் மாட், எஸ்3எம், எக்ஸ்எம், ஐடி என்ற டிராக்கர் ஃபைல் வடிவங்கள் எல்லாவற்றையும் வாசிக்கின்றன. இன்று டூமுக்கு மேப் செய்கிற ஒருவர், இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்எம்பிடி டிராக்கரில் பாட்டு அமைத்து, அதைத் தன் வாட் ஃபைலுக்குள் 'டி_ரன்னின்' என்ற பெயரில் வைத்தால், டூம் 2இன் முதல் மேப்பில் அது ஓடும். முப்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு மாட் ஃபைலைத் திறந்து, அதிலிருந்து ஒரு ஸ்னேர் சாம்பிளை எடுத்துத் தன் பாட்டில் போட்டுக்கொள்ளவும் அவரால் முடியும்.